கிள்ளிப் போட்ட இலை, சுண்டக் காய்ச்சிய பழம்

வீட்டுத் தொட்டியில் வளரும் பேசில் செடியிலிருந்து ஐந்து இலைகளைக் கிள்ளிச் சமையலறைத் தராசில் வைத்தேன். இரண்டரை கிராம் காட்டியது. அடுத்து, ஒரு ஆள் சாப்பிடும் ஸ்பகெட்டிக்கு ஊற்றுகிற அளவு தக்காளி சாஸை வைத்தேன். 125 கிராம். ஒன்றுக்கு ஐம்பது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வீடுகளில் மத்தியானச் சாப்பாடாக வரும் தக்காளி ஸ்பகெட்டியில் இலையும் பழமும் கூடுவது ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான்.

இவற்றில் எதில் சத்து அதிகம் என்று கேட்டால், உணவுச் சத்து அட்டவணைகள் இரண்டையும் நூறு நூறு கிராமாக அருகருகே நிறுத்திவிடும். 100 கிராம் பேசில் என்றால் சுமார் 200 இலைகள். என் செடியை மொட்டையடித்தாலும் அவ்வளவு தேறாது. ஒரு வேளைக்கு 200 இலை தின்பவரும் எங்கும் இல்லை. அதற்காக அட்டவணையை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை வேறு மாதிரிப் படிக்கலாம். செடிக்கு இலை எதற்கு, பழம் எதற்கு என்று தெரிந்துகொண்டு படித்தால், ஒவ்வொரு எண்ணும் ஏன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது புரியத் தொடங்கும்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். நம் ஊர்க் கடையில் தக்காளி சாஸ் கேட்டால், சமோசாவுக்கும் கட்லெட்டுக்கும் தொட்டுக்கொள்கிற இனிப்புக் கெட்சப் பாட்டிலைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கும். நான் பேசுவது அதைப் பற்றியல்ல. பழுத்த தக்காளியைத் தோல், விதை நீக்கி மசித்து, உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு எடுக்கும் இத்தாலியச் சாஸைப் பற்றி. நம் வீட்டுத் தக்காளித் தொக்குக்கு அது தூரத்துச் சொந்தம்.

பேசிலோ நமக்கு அந்நியமே அல்ல. தாவரவியலில் ஆசிமம் பாசிலிகம் என்று பெயர். தமிழில் திருநீற்றுப் பச்சிலை, பேச்சுவழக்கில் துன்னூத்துப் பச்சிலை. ஃபலூடாவிலும் சர்பத்திலும் வழுவழுவென்று ஊறிக் கிடக்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். துளசி இதற்குப் பங்காளி. பேரினம் ஒன்று, இனம் வேறு. வெப்பமண்டல ஆசியாவில் பிறந்து மேற்கே போன செடி இது. தக்காளியோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பாவுக்கு வந்தது. உலகத்தின் இரு கோடிகளிலிருந்து கிளம்பிய இவை இரண்டும் ஒரே சட்டியில் சந்தித்துச் சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் வெளியிட்ட சமையல் நூலில் ஒரு தக்காளிச் சாஸ் இருக்கிறது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், எண்ணெய், வினிகர் சேர்க்கச் சொல்கிறார். அதில் பாஸ்தாவும் இல்லை, பேசிலும் இல்லை. நம் கண்ணுக்கு அது சுட்ட தக்காளிச் சட்னி. தக்காளியும் பாஸ்தாவும் சேர்ந்த செய்முறை அச்சில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டியலை வைத்துக்கொள்கிறேன். அதில் பச்சைப் பேசில் இலைக்கு 100 கிராமில் 23 கலோரி, டப்பாவில் அடைத்த தக்காளி சாஸுக்கு 24. இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பொட்டாசியம் இலையில் 295 மில்லிகிராம், சாஸில் 297. இதுவரை படித்தால் இரட்டைப் பிள்ளைகள் என்று தோன்றும். அடுத்த வரிகளில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. கால்சியம் இலையில் 177 மில்லிகிராம், சாஸில் 14. வைட்டமின் கே இலையில் 415 மைக்ரோகிராம், சாஸில் 3-கூட இல்லை. வைட்டமின் ஏ மதிப்பு இலையில் 264 மைக்ரோகிராம், சாஸில் 22. இரும்பு மூன்று மடங்கு, மெக்னீசியம் நான்கு மடங்கு இலையில்தான். மறுபுறம், லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சாஸில் 14 மில்லிகிராம், இலையில் ஒன்றுமில்லை. சர்க்கரை சாஸில் மூன்றரை கிராம், இலையில் கால் கிராமுக்குச் சற்று மேல்.

இந்த இலைப் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது?

இலைதான் செடியின் அடுப்படி. வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலை அங்கே நடக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளைத்தான் நாம் சத்து என்று தின்கிறோம். மெக்னீசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுவில் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. இலை கரும்பச்சையாக இருக்க இருக்க மெக்னீசியமும் கூடுகிறது. வைட்டமின் கே-யின் கதை இதைவிடச் சுவையானது. இலைகளில் இருக்கும் அதன் வடிவத்துக்கு ஃபில்லோகுவினோன் என்று பெயர். ஒளி பட்டதும் பச்சையத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கையாக நிற்பது இந்த மூலக்கூறு. இது இல்லாமல் ஒளிச்சேர்க்கை ஒழுங்காக நடக்காது. ஆகவே பச்சை இலை எதுவானாலும், முருங்கையோ பசலையோ கொத்தமல்லியோ, வைட்டமின் கே அதில் இருந்தே தீரும்.

வெயிலைப் பிடிக்க இலை செய்த பொருள் நம் உடம்பில் முற்றிலும் வேறு வேலைக்குப் போகிறது. காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். உறைவதற்கான புரதங்களில் சில கல்லீரலில் தயாராகும்போது, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற ஒரு பகுதியை அவற்றில் பொருத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கொக்கியைப் பொருத்தும் நொதிக்குத் துணையாள் வைட்டமின் கே. துணையாள் வராவிட்டால் புரதம் உருவாகும், ஆனால் பயன்படாது. 1929-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி கொலஸ்ட்ரால் பற்றி ஆராய்வதற்காகக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து வந்தார். குஞ்சுகளின் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பக் கொடுத்தும் நிற்கவில்லை. கொழுப்போடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்று தீனியிலிருந்து போய்விட்டது என்று அவர் பிடித்தார். 1935-இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். ரத்தம் உறைதலைக் குறிக்கும் கோஆகுலேஷன் என்ற சொல் டேனிஷிலும் ஜெர்மனிலும் கே எழுத்தில் தொடங்கும். 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு, இதன் வேதியியலைக் கண்டறிந்த எட்வர்ட் டாய்சியோடு அவருக்குக் கிடைத்தது.

ஃபோலேட்டுக்கும் இலையோடு பெயர்ப் பொருத்தம் உண்டு. லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. 1941-இல் டெக்சாஸ் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது வைத்த பெயர் அது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, பம்பாயின் துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாற்றில் அதைக் குணமாக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் காட்டிவிட்டார். அந்தப் பொருள்தான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. பேசில் இலையில் 100 கிராமுக்கு 68 மைக்ரோகிராம் இருக்கிறது. கீரைகளில் இது நடுத்தர அளவு.

லூட்டின் என்ற மஞ்சள் நிறமியையும் சொல்லியாக வேண்டும். பேசிலில் 100 கிராமுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் லூட்டினும் அதன் உறவான சியாசாந்தினும் உள்ளன. உச்சிவெயிலில் இலைமேல் தேவைக்கு மேல் ஒளி கொட்டும்போது, அது இலையைக் கருக்கிவிடாமல் தாங்கிக்கொள்வது இந்தக் கூட்டத்தின் பொறுப்பு. நாம் தின்றபின் இதே நிறமிகள் கண்ணின் விழித்திரையில், கூர்பார்வைக்குரிய மஞ்சள் புள்ளியில் போய்ச் சேர்ந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. இலையிலும் கண்ணிலும் ஒரே காவல் வேலை.

இப்போது தக்காளி. பழத்துக்கு வெயில் பிடிக்கும் கடமை இல்லை. விலங்கையும் பறவையையும் கூப்பிட்டு, தின்னவைத்து, விதையைத் தூரத்தில் போடச் செய்வதுதான் அதன் வேலை. காயாக இருக்கும்போது தக்காளியும் பச்சைதான். உள்ளே பசுங்கணிகங்கள் இருக்கின்றன. பழுக்கத் தொடங்கியதும் பச்சையம் சிதைகிறது, பசுங்கணிகம் நிறக்கணிகமாக உருமாறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, சிவப்பு சேர்கிறது.

அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்பதை முதன்முதலாகப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. லைக்கோபீன் தக்காளிக்கே உரிய அதிசயப் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அப்படியல்ல. பேசில் இலையும் லைக்கோபீனைச் செய்கிறது. ஆனால் அங்கே நிறுத்துவதில்லை. நீண்ட சரம் போன்ற லைக்கோபீனின் இரு முனைகளையும் நொதிகளைக் கொண்டு வளையமாக முடிந்து, பீட்டா கரோட்டினாகவும் லூட்டினாகவும் மாற்றிவிடுகிறது. செய்த கையோடு மாற்றிவிடுவதால் இலையில் லைக்கோபீன் மிஞ்சுவதில்லை. தக்காளியோ பழுக்கும்போது முனை முடியும் நொதிகளைக் குறைத்துவிடுகிறது. முன்பக்க உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. ஒரே சாலையில் இலை ஊர் போய்ச் சேர்கிறது, பழம் பாதி வழியில் சத்திரத்தில் தங்கிவிடுகிறது. அட்டவணையில் வைட்டமின் ஏ வரியும் லைக்கோபீன் வரியும் தலைகீழாக நிற்பதற்கு இது ஒன்றே காரணம். முனையில் அந்த வளையம் இருந்தால்தான் நம் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்க முடியும். லைக்கோபீனுக்கு வளையம் இல்லை. எவ்வளவு சிவந்த சாஸாக இருந்தாலும் லைக்கோபீனிலிருந்து ஒரு துளி வைட்டமின் ஏ வராது.

இந்த நிறமி வெயிலுக்கும் ஒத்துழைக்காது. 30, 32 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் பழத்தில் லைக்கோபீன் உருவாவது தடைப்படும். கோடையில் தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுப்பது இதனால்தான்.

பழத்தைச் சட்டியில் ஏற்றியதும் நடப்பவை இந்தக் கதையின் நடுப்பகுதி. சமைக்காத தக்காளிப் பழத்தில் 100 கிராமுக்கு இரண்டரை மில்லிகிராம் லைக்கோபீன் என்கிறது அதே பட்டியல். சாஸில் 14. தண்ணீர் சுண்டியதால் கூடியது என்று சொன்னால் கணக்கு இடிக்கிறது. பழத்தில் தண்ணீர் நீங்கலாக உள்ள திடப்பொருள் ஐந்தரை சதவீதம், சாஸில் ஒன்பது. சுண்டலால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூட முடியும். மீதிக்கு வேறு காரணங்கள். சாஸுக்கென்று வளர்க்கும் ரகங்கள் செடியிலேயே நன்றாகச் சிவந்தபின் பறிக்கப்படுகின்றன. கடைக்கு வரும் பழமோ வழியில் நசுங்காமல் இருக்கச் செங்காயாகப் பறிபடுகிறது. இன்னொரு காரணம் நெருப்பு. லைக்கோபீன் பழத்தின் செல்களுக்குள் நுண்ணிய படிகங்களாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. சூடு செல் சுவர்களைத் தளர்த்தி அதை வெளியே விடுகிறது.

2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ருய் ஹாய் லியூ குழுவினர் தக்காளியை 88 டிகிரி வெப்பத்தில் 2, 15, 30 நிமிடம் வைத்து அளந்தார்கள். வைட்டமின் சி முறையே 10, 15, 29 சதவீதம் குறைந்தது. பிரித்தெடுக்கக் கூடிய லைக்கோபீனோ இரண்டு நிமிடத்திலேயே 54 சதவீதம் கூடி, 15 நிமிடத்தில் இரண்டரை மடங்கைத் தாண்டியது. சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தக்காளியில் ஒன்று போகிறது, இன்னொன்று வருகிறது. போவதும்கூடப் பயந்த அளவுக்கு இல்லை. தக்காளியின் புளிப்பு வைட்டமின் சி-க்கு ஓரளவு கவசமாக நிற்கிறது.

சட்டியில் இருப்பது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் வில்ஹெல்ம் ஸ்டாலும் ஹெல்முட் சீஸும் 1992-இல் அதைப் பார்த்தார்கள். தக்காளிச் சாற்றைப் பச்சையாகக் கொடுத்தபோது ரத்தத்தில் லைக்கோபீன் ஏறவில்லை. ஒரு சதவீதம் சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தபோது ஏறியது. ஐந்தாண்டு கழித்து அதே குழு சமைக்காத தக்காளியையும் தக்காளி விழுதையும், இரண்டோடும் அதே அளவு எண்ணெய் சேர்த்து, ஒப்பிட்டது. விழுது தின்றவர்கள் ரத்தத்தில் உச்ச அளவு இரண்டரை மடங்கு. நேராக நீண்டிருக்கும் லைக்கோபீன் மூலக்கூறு சூட்டிலும் எண்ணெயிலும் சில இடங்களில் வளைகிறது. வளைந்த வடிவம் படிகமாக ஒட்டிக்கொள்ளாமல் எளிதாகக் கரைந்து, குடல் சுவரைத் தாண்டிவிடுகிறது.

எண்ணெய் இந்தச் சாப்பாட்டின் மூன்றாவது ஆள். லைக்கோபீன், பீட்டா கரோட்டின், லூட்டின், வைட்டமின் கே, வைட்டமின் ஈ எல்லாமே கொழுப்பில் கரைபவை. குடலில் கொழுப்பும் பித்தநீரும் சேர்ந்து உண்டாக்கும் நுண்துளிகளில் ஏறித்தான் இவை உள்ளே போக முடியும். 2004-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரியான காய்கறிச் சாலட்டைக் கொழுப்பில்லாத ஊற்றுச்சாறோடும், எண்ணெய் உள்ள ஊற்றுச்சாறோடும் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பில்லாமல் தின்றவர்கள் உடம்பில் கரோட்டின் வகை நிறமிகள் ஏறக்குறைய ஒன்றுமே சேரவில்லை. எடை குறைப்பதற்காக எண்ணெயை அடியோடு விலக்கிவிட்டு வெறும் இலையும் தக்காளியும் தின்பவர்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்து வருத்தம் தருகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருந்திருந்தால் அந்தத் தட்டின் பாதிப் பொருள் வீணாகப் போயிருக்காது. நம் பாட்டிமார் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை தொக்கைக் கிளறினார்களே, அந்த எண்ணெயின் செம்மஞ்சள் நிறம் மிளகாயுடையது மட்டுமல்ல, கரைந்து வெளியே வந்த தக்காளியுடையதும்தான்.

லைக்கோபீனைப் பற்றிப் பேசினால் புற்றுநோயைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. 1995-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, தக்காளி சாஸ் அடிக்கடி தின்பவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருப்பதாக எழுதினார்கள். அதன்பின் மாத்திரை விற்பனை களைகட்டியது. ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, தக்காளிக்குச் சான்று மிகச் சொற்பம் என்றும், தனியாக எடுத்த லைக்கோபீனுக்கு நம்பத்தகுந்த சான்றே இல்லை என்றும் முடிவு சொன்னது. சாஸைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள். அதை மருந்தாக நினைத்து யாரும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பேசிலுக்கு நெருப்போடு உறவு சரியில்லை. அதன் வாசனை இலைமேல் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது. விரலால் லேசாகத் தேய்த்தாலே உடைந்து மணக்கும். லினலூல், யூஜினால், சினியோல் ஆகியவை சேர்ந்த மணம் அது. யூஜினால்தான் கிராம்பின் மணமும். கொதிக்கும் சாஸில் போட்டால் நீராவி இவற்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சமையலறை மணக்கும், தட்டு மணக்காது. நிறமும் கெடும். சூடும் தக்காளியின் புளிப்பும் சேர்ந்தால், பச்சையத்தின் நடுவில் இருந்த மெக்னீசிய அணு வெளியேறி, அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்காருகிறது. பளிச்சென்ற பச்சை, அழுக்குப் பச்சையாகிறது. புளி ஊற்றிக் கீரை கடையும்போது நிறம் மங்குவதும் இதே வினைதான். கத்தியால் பொடிப்பொடியாக அரிந்து வைத்தாலும் கறுக்கும். அறுபட்ட செல்களில் இருக்கும் நொதிகள் காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நேப்பிள்ஸ் சமையற்காரர்கள் அடுப்பை அணைத்த பிறகு இலையைக் கையால் கிள்ளிப் போடுவதன் காரணம் இவ்வளவுதான். வைட்டமின் கே-க்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. அது சூட்டைத் தாங்கும். சாஸோடு கொதித்துக் கறுத்த இலையிலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இத்தனையும் தெரிந்த பின் தராசுக்குத் திரும்பலாம். 125 கிராம் சாஸில் லைக்கோபீன் 17 மில்லிகிராம், பொட்டாசியம் 370 மில்லிகிராம், இரும்பு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், வைட்டமின் சி ஒன்பது மில்லிகிராம், நார்ச்சத்து இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை கிராம் இலையில் கால்சியம் நான்கரை மில்லிகிராமுக்குள், இரும்பு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, வைட்டமின் சி அரை மில்லிகிராமுக்கும் கீழே. அட்டவணையில் கொடிகட்டிப் பறந்த இலை, தட்டில் தேடினாலும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர. ஐந்து இலைகளில் வைட்டமின் கே 10 மைக்ரோகிராம். ஐம்பது மடங்கு எடையுள்ள சாஸில் மூன்றரை. கிள்ளிப் போட்ட அந்தச் சிறு பச்சை, அவ்வளவு பெரிய சிவப்பை இந்த ஒரு கணக்கில் மும்மடங்கு முந்திவிடுகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் பொருளுக்கும் செய்யாத பொருளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு ஆழம்.

இலையே முழு உணவாகும் இடமும் இத்தாலியில் உண்டு. வடமேற்கே ஜெனோவா நகரத்தில் பேசிலைப் பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெயோடு கல் உரலில் இடித்து, பெஸ்தோ செய்கிறார்கள். நான்கு பேருக்கு ஏறக்குறைய 60 கிராம் இலை. தலைக்கு 15 கிராம் என்றால் வைட்டமின் கே 60 மைக்ரோகிராமுக்கு மேல். நாளொன்றுக்குப் பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். ஒரு தட்டில் பாதி வந்துவிடுகிறது, அதுவும் எண்ணெயோடு.

உப்பைச் சொல்லாமல் சாஸின் கணக்கு முடியாது. டப்பா சாஸில் 100 கிராமுக்கு சுமார் 470 மில்லிகிராம் சோடியம். அதே தக்காளியில் உப்புச் சேர்க்காமல் செய்தால் 11. இந்த வித்தியாசம் முழுவதும் தொழிற்சாலையில் கை அள்ளிப் போட்டது. உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்கட்டும் என்கிறது. 125 கிராம் டப்பா சாஸ் அதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பாட்டில் கெட்சப்பில் 100 கிராமுக்கு 900. ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் சாஸை வீட்டிலேயே காய்ச்சுவது நல்லது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் இன்னொரு பலனும் உண்டு. தக்காளியின் புளிப்பு சட்டியிலிருந்து இரும்பைக் கரைத்தெடுத்து, சாஸின் இரும்பைப் பல மடங்காக்கும். பழத்தில் எஞ்சிய வைட்டமின் சி அந்த இரும்பு உடம்பில் சேரவும் உதவும். தோலை நீக்காமல் அரைத்தால் இன்னும் மேல், ஏனென்றால் லைக்கோபீன் சதையைவிடத் தோலில் அடர்த்தி. இத்தாலியர்கள் சல்லடையில் தள்ளிவிடுவது அந்தப் பகுதியைத்தான்.

எச்சரிக்கை ஒன்று, சிலருக்கு மட்டும். இதயச் செயற்கை வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் உறவினர் ஒருவர், கீரை பக்கமே போகக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பல ஆண்டுகள் கீரையைத் தொடாமல் இருந்தார். வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கே-யை உடம்பு மறுபடி பயன்படுத்த விடாமல் தடுத்துத்தான். ஸ்வீட் குளோவர் என்ற தீவனச்செடி கெட்டுப்போனதைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் கண்ட பொருளிலிருந்து பிறந்த மருந்து அது. முதலில் எலிப் பாஷாணமாக வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தானது. அதைச் சாப்பிடுபவருக்கு ஆபத்து கீரையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. ஒரு வாரம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் கட்டுக்கட்டாகத் தின்றால் மருந்தின் அளவு குலையும். தினமும் ஒரே அளவாகத் தின்று, அதற்கேற்ப மருத்துவர் மருந்தளவை அமைப்பதுதான் வழக்கம். ஐந்து பேசில் இலையைப் பார்த்து அவர் பயப்பட வேண்டியதில்லை. பெஸ்தோ விருந்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய பேசில் கட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெப்ப நாட்டுச் செடி, பத்து டிகிரிக்குக் கீழே போனால் இலையில் கரும்புள்ளி விழும். பூச்சாடியில் பூ வைப்பதுபோல ஒரு டம்ளர் தண்ணீரில் தண்டு நனைய நிறுத்தி, ஜன்னலோரம் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தண்ணீருக்குள் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். அப்படியே தொட்டி மண்ணில் ஊன்றிவிடலாம். என் செடி வந்தது அப்படித்தான்.